எர்த் அடிக்காது, அடிப்பது லைன்

போன வாரம் மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பெண் குளியலறைக் குழாயைத் திறக்கப் போய்த் தூக்கி எறியப்பட்டது. பிழைத்துக்கொண்டது, நல்லவேளை. வயரிங் பார்க்கப் போன என்னிடம் அதன் அம்மா சொன்னது: "ரெண்டு மாசமாவே லேசா எர்த் அடிச்சுக்கிட்டுத்தாண்ணே இருந்துச்சு, கரண்டு இல்லையேன்னு விட்டுட்டோம்." இதே பதிலை இன்னும் எத்தனை வீட்டில்தான் கேட்பது?

எர்த் என்ற சொல் நம்ம பக்கம் படும் பாடு கொஞ்சமல்ல. பள்ளியில் அது பூமி, வயரிங்கில் பச்சை வயர். டிராக்டர் மெக்கானிக்குக்கு பேட்டரி நெகட்டிவை சேஸில் கட்டுவது எர்த். 'மோட்டார் எர்த் ஆயிடுச்சு' என்றால் காயில் கருகி பாடியில் ஒட்டிவிட்டது. கரண்டு திரும்பிப் போகிற வயரான நியூட்ரல் போன ராத்திரியில் கைப்பம்பில் வயரைச் சுற்றி பல்பு எரிய வைப்பதும் எர்த் எடுப்பதுதான். இதெல்லாம் தொழில் பேச்சு, போகட்டும். 'எர்த் அடிக்குது' என்பதுதான் ஆளைக் கொல்கிறது.

எர்த் அடிக்காது. உங்களை அடிப்பது அதே 230 வோல்ட் லைன், அதாவது கரண்டு வருகிற வயர். எங்கேயோ வயர் தோலுரிந்தோ ஹீட்டர் காயில் ஓட்டையாகியோ சாமானின் பாடிக்கு வந்திருக்கிறது. எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போயிருக்கும், இல்லாததால் உங்கள் வழியாகப் போகிறது. லேசாக அடிப்பதற்குக் காரணம் கரண்டு சாதுவானது என்பதல்ல, அந்த நேரத்தில் உங்கள் கால் காய்ந்திருந்தது அல்லது செருப்பு போட்டிருந்தீர்கள், அவ்வளவுதான். 1 மில்லி ஆம்பியர் போனால் சுருக்கென்று தெரியும், பத்துப் பதினைந்தைத் தாண்டினால் பிடித்த கை விடாது, 30க்கு மேல் இதயத்துக்கே ஆபத்து. ஈரக்காலோடு நிற்பவர் உடம்பில் 200கூடப் பாயும்.

'நம்ம மண்ணு எப்பவும் ஈரம்தானே, அதுவா எடுத்துக்கும்' என்பார்கள். ஐப்பசி மழையில் ஊறிய தரை உங்களைத்தான் நல்ல எர்த் ஆக்கும். சித்திரையில் வயல் பாளம் பாளமாக வெடிக்கும்போது எர்த் வயர் மண்ணில் இறங்குகிற எர்த் குழியும் காய்ந்துவிடும். குழியின் தடை 50 ஓமுக்கு ஏறினால், லைன் பாடியில் பட்டாலும் 5 ஆம்பியர்கூட ஓடாது. கரண்டு அளவுக்கு மீறினால் தானாக அணையவேண்டிய உங்கள் 16 ஆம்பியர் எம்சிபி அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

அதைவிடக் கொடுமை எர்த்தையே நியூட்ரலாக்குவது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு அவசரத்துக்கு அப்படி இழுத்துக் கொடுத்ததை இன்னமும் சில வீடுகளில் பார்க்கிறேன். அந்த 50 ஓம் குழியை நம்பி 1000 வாட் ஹீட்டர் போட்டால், எர்த் வயரோடு சேர்ந்திருக்கிற ஃப்ரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் பாடியிலும் ஏறக்குறைய 110 வோல்ட் வந்து நிற்கும். ஒன்றும் ரிப்பேர் ஆகாமலே!

எதைத் தொட்டாலும் சுருக்கென்றால் உடனே மெயினை அணையுங்கள், அப்புறம் ஆளைக் கூப்பிடுங்கள். டெஸ்டரை வைத்துப் பார்த்து 'லேசாத்தான் எரியுது' என்று சமாதானம் ஆகாதீர்கள். கரண்டு கசிந்தால் உடனே தானாக அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுங்கள், மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அமுக்குங்கள். மழைக்காலத்தில் அடிக்கடி அணைந்து விழுகிறது, 'அது இல்லாம நேராக் குடுத்துடுங்க' என்று கேட்பவர்களுக்கு நான் வேலை செய்வதில்லை. அது விழுவதே எங்கேயோ கசிகிறது என்பதால்தான். மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை உடைக்காதீர்கள், மற்ற இரண்டுக்கும் முன்னால் சேர்ந்து கடைசியில் பிரிவதற்காகத்தான் அது நீளமாக இருக்கிறது. யாராவது கரண்டில் மாட்டிக்கொண்டால் தொட்டு இழுக்காதீர்கள், மெயினை அணைத்துவிட்டு 108க்குச் சொல்லுங்கள். கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லுங்கள்.

சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்துகொண்டு ஊரில் தனியாக இருக்கிற அப்பா அம்மாவுக்கு வாட்டர் ஹீட்டர் வாங்கிக் கொடுக்கிற பிள்ளைகளே, தயவுசெய்து எர்த் குழிக்கும் சேர்த்துக் காசு அனுப்புங்கள். மாட்ட வருகிறவரிடம் எர்த் தடையை அளக்கச் சொல்லி, மீட்டரை போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் இருந்தால் சரி, இல்லையென்றால் அதைச் சரிசெய்யும் வரை ஹீட்டர் பெட்டியிலேயே இருக்கட்டும்.