நீச்சலில் என்ன அடிபடப்போகிறது என்று கேட்கும் பெற்றோருக்கு

இந்த மாதத்தில் இது நான்காவது பிள்ளை. எட்டாம் வகுப்பு, வலது தோள். "நேத்து ராத்திரி தலை பின்னிக்க முடியலன்னு அழுதா மேடம், அப்பதான் எங்களுக்கே தெரியும்" என்றார் அம்மா.

கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கச் சொன்னேன். தோள் உயரத்தை நெருங்கும்போது முகம் சுருங்கியது. கை காதுப் பக்கம் போனதும் தெளிந்தது. இறக்கும்போது அதே இடத்தில் மறுபடியும் சுருங்கியது. எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்டேன். அம்மாவைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"மே மாசத்துலேர்ந்து மேம்."

இது செப்டம்பர். நான்கு மாதம் அந்தத் தோளோடு வாரம் ஆறு நாள் நீந்தியிருக்கிறாள். பயிற்சிக்கு முன்னால் ஸ்ப்ரே, போட்டியன்று தோழி கொடுத்த வலி மாத்திரை. வெளியே சொன்னால் போட்டிக்குப் பெயர் கொடுக்க மாட்டார்களோ என்று பயம்.

பிசியோதெரபிஸ்டாக நான் அதிகம் கேட்ட கேள்வி, "தண்ணிதானே மேடம், கபடியா கிரிக்கெட்டா அடிபடறதுக்கு?" என்பதுதான். முழங்காலுக்கும் இடுப்புக்கும் அது பெரும்பாலும் சரி. மூட்டு தேய்ந்த பாட்டிகளைத் தண்ணீரில் நடக்கச் சொல்வதே நான்தான். தண்ணீர் உடம்பின் எடையைத் தாங்கும். ஆனால் உடம்பை முன்னே இழுத்துக்கொண்டு போவது யார்? ஃப்ரீஸ்டைலில் அந்த வேலையில் பெரும்பங்கு கைகளுக்குத்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை வேளச்சேரி நீச்சல்குளம் 50 மீட்டர். இந்த வயதுப் பிள்ளை ஒரு நீளத்துக்குச் சுமார் 40 முறை கை போடும், ஒரு கைக்கு 20. ஒரு நாளைக்கு 5,000 மீட்டர் என்றால் 100 நீளம், ஒரு தோளுக்கு 2,000 சுற்று. வாரம் ஆறு நாளில் 12,000. ஒரு வேகப்பந்து வீச்சாளர் டெஸ்ட் மேட்சில் ஒரே நாளில் 20 ஓவர் போட்டாலும் 120 பந்துதான். அவர் தோளைப் பற்றிக் கவலைப்படுகிற நமக்கு, வீட்டில் இருக்கும் பிள்ளையின் 2,000 சுற்று கண்ணில் படுவதில்லை. அடி என்றால் விழ வேண்டும், வீங்க வேண்டும், ரத்தம் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து வரும் காயத்துக்கு, விழுந்த நாள் என்று ஒன்று இருக்காது. எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. உடனே "எலும்புல ஒண்ணுமில்ல, சும்மா சொல்றா" என்று மறுநாளே குளத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

அப்பாக்கள் குற்றாலீஸ்வரனைச் சொல்வார்கள். 1994-ல், ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்திக் கடந்த சிறுவன். அவர்மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவர் கடலைக் கடந்தார் என்பதால் உங்கள் பெண்ணின் வலி பொய்யாகிவிடாது.

இந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. நாலேகாலுக்கு அலாரம், இருட்டோடு அப்பாவின் வண்டியில் பின்சீட்டு, குளத்திலிருந்து பள்ளிக்குப் போகும் வழியில் டிபன் பாக்ஸ் இட்லி. முதல் பீரியடில் கண்ணைச் சுற்றி நீச்சல் கண்ணாடியின் தடம் இன்னும் மறைந்திருக்காது. மாலையில் மறுபடி குளம், அப்புறம் டியூஷன், படுக்கப் பத்து மணி. பதின்மூன்று வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும், இங்கே கிடைப்பது ஆறு. தசை தேறுவது தூக்கத்தில்தான். டியூஷனை நகர்த்துங்கள், அல்லது வாரத்தில் இரண்டு காலைப் பயிற்சியை விடுங்கள்.

என் நோட்டைப் புரட்டினால் மே, ஜூனில்தான் தோள் கேஸ்கள் குவிந்திருக்கும். காரணம் தேர்வு. பிப்ரவரியும் மார்ச்சும் குளத்துப் பக்கமே போகாத பிள்ளை, ஏப்ரலில் லீவு விட்டதும் காலை மாலை இரண்டு வேளை இறங்குகிறது. கையில் பேடில் வேறு, அதாவது தண்ணீரை அதிகமாகத் தள்ள உள்ளங்கையில் மாட்டும் பிளாஸ்டிக் தகடு. இடைவெளிக்குப் பிறகு பாதித் தூரத்தில் தொடங்கி, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். முதல் மாதம் பேடில் வேண்டவே வேண்டாம்.

குளக்கரையில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்க, இன்னொரு பிள்ளை அதன் இரண்டு கைகளையும் பின்னால் இழுத்துப் பிடித்து ஸ்ட்ரெச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். நீச்சல் பிள்ளைகளுக்குத் தோளின் முன்பக்கம் ஏற்கெனவே தளர்ந்துதான் இருக்கும், அதை மேலும் இழுப்பதால் கெடுதல்தான். தோள்பட்டைக்கும் முதுகுக்கும் ரப்பர் பேண்ட் பயிற்சி கொடுங்கள், வாரம் மூன்று நாள், பதினைந்து நிமிடம் போதும். "கை வலிச்சா கிக் மட்டும் அடி" என்று கையில் பிடித்து மிதக்கும் கிக்போர்டைக் கொடுப்பதும் எப்போதும் உதவாது. கையை நீட்டி அதைப் பிடித்திருக்கும் நிலையிலேயே புண்பட்ட தசைநார் நசுங்கும். மல்லாந்து, கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு கிக் அடிக்கட்டும்.

எல்லா வலிக்கும் ஓடி வர வேண்டாம். கடும் பயிற்சிக்கு மறுநாள் இரண்டு தோளும் பொதுவாகக் கனத்து, ஓரிரு நாளில் சரியானால் அது உழைத்த வலி. ஒரே தோளில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் வலித்தால், அந்தப் பக்கம் படுக்க முடியாமல் போனால், சட்டை போடக் கையைத் தூக்கத் தயங்கினால் அந்த வாரமே காட்டுங்கள். மாத்திரை போட்டு நீந்த விடாதீர்கள். நிறுத்தச் சொல்லும் ஒரே குரலையும் அது அடைத்துவிடுகிறது. முதல் வாரத்தில் வந்தவர்களில் பலர், தூரத்தைக் குறைத்து நீந்திக்கொண்டே இரண்டு மூன்று வாரத்தில் தேறியிருக்கிறார்கள். நான்கு மாதம் மறைத்தவளுக்கு இந்த சீசன் போய்விட்டது. அதைச் சொன்னபோது அவள் அழவில்லை, "ரிலேயில என் இடத்துல யாரு மேம்?" என்று மட்டும் கேட்டாள்.

கோச்சிடம் சொல்லப் பயமாக இருந்தால் என்னைப் போன்றவர்களிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "ஓய்வு தேவை" என்று மொட்டையாக எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். எந்த ஸ்ட்ரோக், எத்தனை மீட்டர், பேடில் உண்டா இல்லையா, மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்த சீட்டை எந்தக் கோச்சும் என்னிடம் திருப்பி அனுப்பியதில்லை.