சயனோடைப் என்னும் நீல அச்சு

சயனோடைப் என்பது இரும்பு உப்பு பூசிய தாளில் வெயில் பட்டு நீலமாக விழும் ஒளிப்பட அச்சு. கையால் போட்ட சயனோடைப் நிலக்காட்சியை முதன்முதலாகப் பார்க்கிறவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "எல்லாம் நீலமாக இருக்கிறதே, வானம் மட்டும் ஏன் வெள்ளை?" ஏரிக்கரை நீலம், மரம் நீலம், மரத்தடிப் பாறையும் நீலம். கண்ணெதிரே நீலமாக இருந்த வானம் மட்டும் வெறும் தாளாக விட்டுப்போயிருக்கும். இந்தக் கேள்விக்கு வேதியியலில் ஒரு விடை உண்டு. சொல்லுக்குள்ளேயே இன்னொரு விடையும் இருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பிடிக்கும்.

சயனோடைப் என்ற பெயரை வைத்தவர் ஜான் ஹெர்ஷல். வானியலாளர், வேதியியல் அறிந்தவர். ஒளிப்படத்துக்கு நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற பெயர்களைத் தந்ததும், படம் மறையாமல் நிற்க ஹைப்போ கரைசலைப் பயன்படுத்தலாம் என்று காட்டியதும் அவர்தான். 1842-இல் இரும்பு உப்புகளை வெயிலில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தபோது இந்த முறை அவர் கையில் வந்தது. டாகரோடைப், கலோடைப் என்று புதிய ஒளிப்பட முறைகளுக்கு வரிசையாக 'டைப்' ஒட்டிய பெயர்கள் பிறந்துகொண்டிருந்த காலம் அது. ஹெர்ஷலும் அதே அச்சில் சயனோடைப் என்று பெயர் வார்த்தார்.

சொல்லின் இரு பாதிகளும் கிரேக்கம்: கியானோஸ், டைப்போஸ்.

கியானோஸ் என்றால் நீலம் என்று அகராதிகள் சுருக்கமாகச் சொல்லிவிடும். ஆனால் பழைய கிரேக்கத்தில் அது வான்நீலம் அல்ல. இருண்ட நீலம், கருமையோடு கலந்துவிட்ட நீலம். ஹோமரின் இலியட் காவியத்தில் கிரேக்கத் தெய்வங்களின் தலைவன் சீயஸ் தலையசைத்து வாக்குக் கொடுக்கும் இடத்தில் அவனுடைய புருவத்துக்கு இந்த அடைமொழிதான் வருகிறது. புருவம் நீலமாகவா இருக்கும்? அங்கே அது கரும்புருவம்.

தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்காது. நம்முடைய நீலமும் அப்படிப்பட்ட சொல்தான். புறநானூற்றின் 91-ஆம் பாட்டில் ஔவையார் சிவனை 'நீலமணி மிடற்று ஒருவன்' என்கிறார். அதே நூலின் 55-ஆம் பாட்டு அதே கழுத்தைக் 'கறைமிடறு' என்கிறது. ஒருவருக்கு நீலமாகத் தெரிந்தது இன்னொருவருக்குக் கறுத்த கறையாகத் தெரிகிறது, இரண்டும் சரி. கருங்குவளைப் பூவுக்கு நீலம் என்றே ஒரு பெயர் உண்டு. அகராதியைப் புரட்டினால் நீலம் என்ற சொல்லுக்குக் கருமை என்ற பொருளும் இருக்கும்.

இங்கே ஒரு தடுமாற்றம் வரும். இன்று பிரிண்டருக்கு வாங்கும் மைப்புட்டியில் 'சயான்' என்று எழுதியிருக்கிறது. அது பச்சை சாய்ந்த வெளிர்நீலம். அதுவும் கியானோஸ் வழி வந்த சொல்தான், ஆனால் நிறம் வேறு திசையில் போய்விட்டது. அந்தச் சயானை மனத்தில் வைத்துக்கொண்டு சயனோடைப்பை 'வெளிர்நீலப் படம்' என்று மொழிபெயர்த்தால் பிழையாகிவிடும். சயனோடைப்பின் நீலம் ஆழமானது. நன்றாக வெயில் பட்ட அச்சில், நிழல் விழுந்த மூலைகள் கிட்டத்தட்டக் கறுப்பைத் தொட்டுவிடும்.

இதே வேரில்தான் சயனைடும் வருகிறது. பெயரைக் கேட்டு அச்சைத் தொடவே தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நடந்தது இதுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் பிரஷ்யன் நீலம் என்ற நிறமி தற்செயலாகக் கிடைத்தது. 1782-இல் ஷீல் என்ற வேதியியலாளர் அந்த நீலத்திலிருந்து ஒரு கொடிய அமிலத்தைப் பிரித்தெடுத்தார். நீலத்திலிருந்து வந்ததால்தான் அந்த நஞ்சின் குடும்பத்துக்கே நீலத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, நஞ்சு நீலத்திடமிருந்து பெயரை வாங்கியது. நீலம் நஞ்சிடமிருந்து எதையும் வாங்கவில்லை. அச்சில் இருக்கும் பிரஷ்யன் நீலத்தில் சயனைடு இரும்போடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. படத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. அச்சுப் போடுகிறவர்கள் மட்டும் தாளில் பூசும் பெர்ரிசயனைடு உப்பைக் கடும் அமிலத்தோடு சேர்க்காமலும் சூடேற்றாமலும் இருக்க வேண்டும்.

அடுத்த பாதி டைப்போஸ். அடி, அடித்ததால் விழும் தடம், அச்சு என்று அதன் பொருள் நகரும். இதற்குத் தமிழில் 'அச்சு' என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. வார்ப்பு அச்சும் அச்சுதான், காகிதத்தில் பதிவதும் அச்சுதான். ஒருவர் இன்னொருவரைப் போலவே இருந்தால் 'அச்சு அசல்' என்கிறோம் பாருங்கள், சயனோடைப் அந்தச் சொல்லுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். இந்த முறையில் நெகட்டிவைத் தாளின் மேல் நேரடியாக வைத்து அழுத்தித்தான் அச்சு எடுக்க வேண்டும். தாளில் பூசிய உப்பு மிக மெதுவாக வேலை செய்வது. அதற்குப் புற ஊதாக் கதிர் நிறைய வேண்டும். அதனால் சாதாரண என்லார்ஜரில் வைத்துப் பெரிதாக்க முடியாது. நெகட்டிவ் எந்த அளவோ அச்சும் அதே அளவு. ஒரு முழ அகலத்துக்குப் படம் வேண்டுமென்றால் நெகட்டிவும் ஒரு முழம் இருந்தாக வேண்டும்.

செய்முறையைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் சொல் இன்னும் தெளிவாகும். அம்மோனியம் பெர்ரிக் சிட்ரேட் ஒரு கரைசல், பொட்டாசியம் பெர்ரிசயனைடு இன்னொன்று. பலரும் வைத்துக்கொள்ளும் கணக்கு, 100 மில்லி தண்ணீருக்கு முன்னது 25 கிராம், பின்னது 10 கிராம். இரண்டையும் சம அளவு கலந்து, மங்கிய வெளிச்சத்தில் தாளில் தூரிகையால் பூசிக் காயவைப்பார்கள். காய்ந்த தாள் மஞ்சள்பச்சையாக இருக்கும். அதன்மேல் நெகட்டிவ், அதன்மேல் கண்ணாடி, அப்புறம் வெயில். கதிர் பட்ட இடத்தில் இரும்பு ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு இறங்கி, பக்கத்திலிருக்கும் பெர்ரிசயனைடோடு சேர்ந்து நீலமாகிவிடும். நீலம் நன்றாக ஏறினதும் தாள் ஒரு மாதிரி சாம்பல் பூத்த வெண்கல நிறத்துக்கு வரும்; அதுதான் எடுக்கவேண்டிய பதம். பிறகு வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும். கதிர் படாத உப்பு மஞ்சளாகக் கரைந்து ஓட, நீலம் தாளின் நார்களிலேயே தங்கிவிடும். ஸ்டூடியோக்காரர்கள் 'படம் கழுவுகிறோம்' என்று சொல்லும் பழைய பேச்சு இந்த அளவுக்கு நேர்ப்பொருளில் வேறெங்கும் உண்மையாவதில்லை.

இப்போது வானத்துக்கு வரலாம். நெகட்டிவில் வெளிச்சமான இடம் கறுத்திருக்கும், நிழலான இடம் தெளிந்திருக்கும். கேமராவில் பிலிம் போல வைத்த பழைய கண்ணாடித் தட்டுகளுக்கு நீல ஒளி என்றால் அளவுமீறிய உணர்திறன். அதனால் அவற்றில் வானம் அடர்ந்து கறுத்துவிடும். அச்சுப் போடும்போது அந்தக் கறுப்பு கதிரை மறித்துவிட, கீழே தாள் வெள்ளையாகவே நிற்கும். நிழல் இருந்த இடத்தில்தான் கதிர் இறங்கும். நீலம் விழுவது அங்கேதான். நீலம் இந்தப் படத்தில் பொருளின் நிறமே அல்ல, இருட்டின் அளவு. கியானோஸ் என்ற சொல் சீயஸின் புருவத்தில் எதைக் குறித்ததோ, அதையேதான் பாறையின் நிழலிலும் குறிக்கிறது. ஹெர்ஷல் இவ்வளவு யோசித்துப் பெயர் வைத்தாரா என்பது வேறு; பெயர் சரியாக உட்கார்ந்துவிட்டது.

நிலக்காட்சியை நீலத்தில் அச்சிடுவதை எல்லோரும் ஏற்கவில்லை. இங்கிலாந்தின் ஒளிப்படக் கலைஞர் பி. எச். எமர்சன் 1889-இல், நிலக்காட்சியைச் சிவப்பிலோ சயனோடைப்பிலோ அச்சிடுகிறவன் கலையைப் பாழாக்குகிறவன் என்ற பொருளில் கடுமையாகவே எழுதினார். இயற்கைக்கு உண்மையாக இருப்பதே ஒளிப்படத்தின் வேலை என்று நம்பியவருக்கு நீல மரம் பொறுக்கவில்லை. அவர் இப்படி எழுதிய அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் ஹென்றி போஸ் என்பவர் மேல் மிசிசிப்பி ஆற்றைக் கண்ணாடி நெகட்டிவ்களில் படமெடுத்து, நீள்வட்ட வடிவச் சயனோடைப்புகளாக அச்சிட்டுக்கொண்டிருந்தார். ராணுவப் பொறியியல் பிரிவில் வரைவாளர் அவர். 1883-இல் தொடங்கிய வேலை அது. ஆறு, பாலம், கரை, தடுப்பணை எல்லாம் நீலத்தில் அமைதியாக நிற்கும் அந்தப் படங்களைப் பார்த்தபிறகு எமர்சன் சொன்னது எனக்கு ஒப்பவில்லை. ஆர்தர் வெஸ்லி டோ என்ற ஓவியரும் 1899-இல் தம் ஊரான இப்ஸ்விச்சின் காட்சிகளை இதே முறையில் தொகுத்திருக்கிறார்.

நெகட்டிவ் என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. சயனோடைப் என்றதும் அன்னா அட்கின்ஸ் 1843-இல் வெளியிடத் தொடங்கிய கடற்பாசிப் படங்களைத்தான் பலரும் நினைக்கிறார்கள். ஒளிப்படங்களைக் கொண்டு உருவான முதல் நூல் என்று அதைக் கொண்டாடுகிறோம், சரி. ஆனால் அவற்றில் கேமராவும் இல்லை, நெகட்டிவும் இல்லை. பாசியையே தாளின் மேல் வைத்து வெயில் காட்டி எடுத்தவை. அந்த வகையில் பொருள் வெள்ளையாகவும் சுற்றிலும் நீலமாகவும் விழும். நிலக்காட்சியை அப்படி எடுக்க வழியில்லை. மலையைத் தாளின்மேல் வைக்க முடியாதே. எனவே சயனோடைப் நிலக்காட்சி என்றாலே நடுவில் ஒரு நெகட்டிவ் இருந்தாக வேண்டும். அது கண்ணாடித் தட்டாக இருக்கலாம், பிலிமாக இருக்கலாம், இன்று போல ஒளிபுகும் தாளில் பிரிண்டர் மையால் அச்சிட்டதாகவும் இருக்கலாம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது?

'நீலப்படம்' என்று எழுதவே கூடாது. அந்தச் சொல்லுக்குப் பேச்சில் வேறு பொருள் நிலைத்துவிட்டது. 'நீல நகல்' என்றால் கட்டடக்காரர்களின் புளூபிரிண்ட்டாகிவிடும். உண்மையில் புளூபிரிண்ட்டும் இதே வேதியியல்தான்: ஒளிபுகும் தாளில் வரைந்த படத்தை இதே உப்பு பூசிய தாளின்மேல் வைத்து எடுத்ததால் கோடு வெள்ளையாகவும் களம் நீலமாகவும் வந்தது. ஆனால் நகல் என்ற சொல் படத்தை வெறும் பிரதியாக இறக்கிவிடுகிறது. 'நீல ஒளியச்சு' அழகான சொல்தான். நானே கொஞ்ச காலம் எழுதிவந்தேன். பிறகு விட்டுவிட்டேன். தமிழ்ப் புத்தகங்களின் முதல் பக்கங்களில் 'ஒளியச்சு' என்று கணினியில் எழுத்துக் கோத்தவரின் பெயரைப் போடுவது வழக்கமாகிவிட்டது. அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது.

எனவே முறைக்கு 'நீல அச்சு', அதில் உருவான படத்துக்கு 'நீல அச்சுப்படம்'. கிரேக்கத்தின் இரண்டு பாதியும் அப்படியே இதில் இருக்கின்றன, நீலத்துக்குள் ஒளிந்திருக்கும் கருமை உட்பட. முதல் முறை எழுதும்போது சயனோடைப் என்பதையும் சேர்த்து எழுதிவிடலாம், தேடுகிறவருக்கு உதவும். லேண்ட்ஸ்கேப்புக்கு 'இயற்கைக் காட்சி' என்பதைவிட 'நிலக்காட்சி' நல்லது. போஸின் படங்களில் பாலங்கள்தான் எவ்வளவு! அவற்றை இயற்கை என்று எப்படிச் சொல்வது?

சேகரிக்கிறவருக்கு இந்த வரையறை வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. நீலமாக இருப்பதெல்லாம் நீல அச்சு ஆகாது. கணினியில் நீலச் சாயம் ஏற்றிப் பிரிண்டரில் எடுத்த படமும் நீலம்தான். ஒரு நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். பிரிண்டர் படத்தில் மைப்புள்ளிகள் தெரியும். நீல அச்சில் புள்ளியே இருக்காது, தாளின் நார் நாராக நிறம் ஊறியிருக்கும். மேலே பளபளப்பான படலம் கிடையாது, வெறும் தாளின் மங்கல் முகம்தான். ஓரத்தை மறைக்காமல் விட்டிருந்தால் தூரிகை இழுத்த தடமும் தெரியும். நான் படத்தைக் கையில் வாங்கினால் முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பேன். அந்தத் தடம் இரண்டு அச்சில் ஒன்றுபோல இருக்காது. ஒரே நெகட்டிவிலிருந்து பத்து அச்சு போட்டாலும் பத்தும் தனித்தனி.

இன்னொன்று, தேதி. ஒரு நீல அச்சுப்படத்துக்கு இரண்டு தேதிகள் உண்டு, நெகட்டிவ் எடுத்த ஆண்டும் அச்சுப் போட்ட ஆண்டும். பழைய கண்ணாடி நெகட்டிவிலிருந்து போன மாதம் போட்ட அச்சைப் 'பழைய சயனோடைப்' என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நெகட்டிவ் பழையது, அச்சு புதியது. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். தாளின் பின்புறம் பென்சிலால் எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

பாதுகாப்பில் மற்ற ஒளிப்படங்களுக்குச் சொல்லும் அறிவுரை இதற்கு அப்படியே பொருந்தாது. காகிதங்களைக் காக்க விற்கும் உறைகள், அட்டைகள் பலவற்றில் அமிலத்தை முறிக்கக் காரம் சேர்த்திருப்பார்கள். பிரஷ்யன் நீலத்துக்குக் காரம்தான் எதிரி. நீலம் சிதைந்து மஞ்சள் பழுப்பாகிவிடும், திரும்பாது. காரம் சேர்க்காத, அமிலமும் இல்லாத தாள் என்று கேட்டு வாங்க வேண்டும்.

வெளிச்சத்தில் வெளிறுவது வேறு கதை. என்னிடமுள்ள ஓர் ஏரிக்காட்சியை அறியாமல் ஜன்னலுக்கு எதிரே மாட்டி வைத்திருந்தேன். சில மாதங்களில் கரையோர மரங்கள் கழுவிவிட்டாற்போல வெளுத்துவிட்டன. போயிற்று என்றே நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, வெளிச்சம் அந்த நீலத்தை நிறமற்ற வடிவத்துக்கு மாற்றுகிறது, இருட்டில் காற்றுப் பட வைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை மீண்டும் நீலமாக்கும் என்று. சட்டத்திலிருந்து எடுத்து, மூடிய அலமாரியில் தாளைத் தளர்வாக வைத்தேன். சில வாரங்கள் கழித்துத் திறந்தபோது மரத்தடி நிழல்கள் பெருமளவு திரும்பி வந்திருந்தன.