நீலகிரி மழைக்கு மலிவான சைக்கிள் ஃபிரேம்: எடையைக் கடைசியாகப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை குன்னூரில் இறங்கியதும் என் பட்டறைக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணா, நல்ல சைக்கிளை மழையில எடுக்க மனசு வரலை. குறைஞ்ச விலைக்கு ஒரு ஃபிரேம் பாத்து, வீட்ல கிடக்கிற பழைய பார்ட்ஸைப் போட்டு இன்னொரு வண்டி கட்டிடலாமா?" தாராளமாகக் கட்டலாம். அக்டோபரில் தொடங்கும் மழை, டிசம்பரில் நாள் முழுக்கக் கலையாத மேகமூட்டம், ஜனவரியில் ஊட்டியை அடுத்த தலைக்குந்தா பக்கம் புல்லை வெள்ளையாக்கும் உறைபனி என்று இங்கே ஈரம் மாதக்கணக்கில் நிற்கிறது. அந்த மாதங்களுக்கென்று தனி வண்டி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஆனால் ஃபிரேம் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது எடையை. அதைக் கடைசியில் கேளுங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆள், வண்டி, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைப்போம். ஃபிரேம் 1 கிலோ கூடினால் மொத்த எடை 1.2 சதவீதம்தான் கூடுகிறது. ஏற்றத்தில் நேரமும் ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் கூடும். மலையடிவாரக் கல்லாறிலிருந்து குன்னூருக்கு இரண்டு மணி நேரத்தில் ஏறுகிறவருக்கு அந்த ஒரு கிலோவால் ஆகும் தாமதம் ஒன்றரை நிமிடம். மழைக்கால வண்டியில் அதை மிச்சப்படுத்த ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுப்பது வீண்.

முதலில் பார்க்க வேண்டியது டயருக்கும் ஃபிரேமுக்கும் உள்ள இடைவெளி. பந்தயத்துக்கென்று செய்த பழைய ஃபிரேம்கள் பலவற்றில் 25 மி.மீ. டயர் போட்டாலே மேலே விரல் நுழையாது. நமக்கு 28 மி.மீ. டயரும் அதன்மேல் முழு நீள மட்கார்டும் வேண்டும். அப்படியென்றால், மட்கார்டு இல்லாதபோது 32 மி.மீ. டயர் தாராளமாகச் சுழலும் ஃபிரேமும் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் தேவை. மட்கார்டு கம்பியைப் பூட்டுவதற்கான திருகுத் துளைகள் பின்சக்கரம் மாட்டும் இடத்திலும் ஃபோர்க் நுனியிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மட்கார்டு உங்கள் முதுகை மட்டும் காப்பாற்றுவதில்லை. முன்சக்கரம் வாரி இறைக்கும் செம்மண் தண்ணீர் நேராகப் போய் விழுவது ஹேண்டில் திரும்பும் ஹெட்செட்டின் கீழ் பேரிங்கிலும் பெடல் அச்சு ஓடும் பிபியிலும் (பாட்டம் பிராக்கெட்) தான். தேயிலைத் தோட்டச் சாலையில் மட்கார்டு இல்லாமல் ஒரு மழைக்காலம் ஓடிய வண்டியின் பிபியைக் கழற்றினால் கிரீஸுக்குப் பதில் சேறு வரும்.

இதோடு சேர்ந்த ஒரு விஷயத்தைக் கடையில் யாரும் சொல்வதில்லை. உயரம் குறைந்தவர்களுக்கான சின்ன ஃபிரேம்களில் ஹேண்டில்பாரை நன்றாகத் திருப்பினால் ஷூ நுனி முன்சக்கரத்தில் உரசும். மட்கார்டு மாட்டினால் இன்னும் அதிகமாக உரசும். சமவெளியில் அவ்வளவு திருப்பவே வேண்டியிருக்காது. ஆனால் பர்லியாருக்கு மேலே கொண்டை ஊசி வளைவில் நடக்கிற வேகத்தில் மிதித்துத் திரும்பும்போது, பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க, கால் மாட்டிக்கொண்டால் விழுவது நடுரோட்டில். ஆகவே வாங்குமுன் ஏறி உட்காருங்கள். பெடலை முன்னுக்கு வைத்து, ஹேண்டிலைத் திருப்பி, ஷூ நுனிக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் அகலமாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பிரேக். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம். தலைக்குந்தாவிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், சரிவோ இன்னும் கடுமை. இறங்கும் வேகத்தின் பெரும்பகுதியைப் பிரேக்தான் சூடாக மாற்றி வெளியே தள்ள வேண்டும். நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும், பிடிப்பது அதற்குப் பிறகு. அந்தச் சில மீட்டர் தாமதம் வளைவில் போதும் உயிரை வாங்க. கட்டையில் ஒட்டிய மணல் ரிம்மை அரைத்து மெலிதாக்குவது வேறு. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி என்று பக்கத்திலேயே சுற்றுகிறவர்களுக்கு நல்ல கட்டை போட்ட ரிம் பிரேக் போதும். மலை இறங்கி ஏறுகிறவர்கள் டிஸ்க் பிரேக் ஃபிரேம்தான் வாங்க வேண்டும்.

ஆனால் செலவுக் கணக்கு இங்கேதான் தப்பிப்போகிறது. டிஸ்க் ஃபிரேமை மலிவாக வாங்கிவிட்டு, பழைய வீல்களைக் கொண்டுவந்து நிற்பார்கள். ரிம் பிரேக் ரோட் வண்டியில் பின்சக்கரம் மாட்டும் இடத்தின் அகலம் பொதுவாக 130 மி.மீ. டிஸ்க் ஃபிரேம் என்றால் 135 அல்லது அச்சைத் துளைக்குள் செருகும் வகையில் (த்ரூ ஆக்ஸில்) 142 மி.மீ. பழைய வீலின் நடு ஹப்பில் டிஸ்க் தட்டை (ரோட்டர்) மாட்ட இடமும் இருக்காது. ஆக வீல் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். பிரேக்கும் கியரும் சேர்ந்த லீவர்களை மாற்ற வேண்டியதில்லை, தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கேபிளில் இயங்கும் வகையாகப் போட்டால் பழையவையே போதும். ரோட் லீவருக்கென்று செய்த காலிப்பராகக் கேட்டு வாங்குங்கள். எம்டிபி (மவுன்டன் பைக்) காலிப்பருக்குக் கேபிள் அதிக நீளம் இழுபட வேண்டும், ரோட் லீவரால் அவ்வளவு இழுக்க முடியாது. இன்னொன்று: ரிம் பிரேக் ஃபிரேமில் டிஸ்க் காலிப்பர் மாட்டும் காது வெல்டிங் வைத்துத் தரச் சொல்லி யாரிடமும் போகாதீர்கள். அந்த விசையைத் தாங்கும்படி அந்த ஃபோர்க்கோ பின்குழாயோ செய்யப்பட்டதில்லை.

எந்த உலோகம்? இணையத்தில் பார்க்கும் ஆலோசனை பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வருகிறது. அங்கே குளிர்காலத்தில் சாலையில் ஐஸ் கட்டாமலிருக்க உப்பு தூவுகிறார்கள். உப்புத் தண்ணீர் இரும்பை வேகமாகத் தின்னும், அதனால் அங்கே அலுமினியத்தை விரும்புகிறவர்கள் அதிகம். நம் மலைச்சாலையில் உப்பு இல்லை. இங்கே எதிரி உள்ளிருந்து வரும் ஈரம். பகலில் வெயில், இரவில் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர் என்று மாறும்போது குழாய்க்குள்ளேயே நீர் வேர்த்து நிற்கும். குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) ஸ்டீல் ஃபிரேம் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். உள்ளே துருத்தடுப்பு எண்ணெயோ மெழுகோ தெளித்தால் பல ஆண்டு வரும், உடைந்தாலும் கைதேர்ந்த வெல்டர் பற்றவைத்துவிடுவார். தொடக்கநிலை அலுமினிய ஃபிரேமும் நல்ல தேர்வுதான். ஆனால் அதில் விரிசல் விட்டால் வெல்டிங்கை நம்ப வேண்டாம். 6061 போன்ற அலுமினியத்துக்குப் பலமே வெல்டிங்குக்குப் பிறகு செய்யும் வெப்பப் பதத்தில் இருக்கிறது, நம்மூர்ப் பட்டறையில் அதற்கு வழியில்லை. செகண்ட் ஹேண்ட் கார்பன் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். உள்ளே அடி வாங்கியிருப்பது வெளியே தெரியாது.

பழைய ஃபிரேம் வாங்கப் போகும்போது ஒரு டார்ச், ஈரத்துணி, காந்தம், கொஞ்சம் நூல் எடுத்துப் போங்கள். காந்தம் ஒட்டினால் ஸ்டீல். துணியால் துடைத்துவிட்டு, ஃபோர்க் நுழையும் ஹெட் டியூபும் கீழ்க்குழாயும் சேரும் வெல்டிங்கின் அடிப்பக்கத்தையும் பிபியைச் சுற்றியும் டார்ச் அடித்துப் பாருங்கள். தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பெயின்ட் கொப்பளித்திருந்தால் அடியில் துரு. பின்பக்கம் ஒரு சக்கரக் காதிலிருந்து நூலைக் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி மறுகாதுக்கு இழுங்கள். சீட் டியூபுக்கும் நூலுக்கும் உள்ள தூரம் இரு பக்கமும் சமமாக இருந்தால் ஃபிரேமில் கோட்டம் இல்லை.

சீட் போஸ்ட் சிக்கிக்கொள்ளாமல் ஏறி இறங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஸ்டீல் ஃபிரேமில் அலுமினிய போஸ்டை கிரீஸ் இல்லாமல் போட்டு ஈரத்தில் விட்டால் இரண்டும் அரித்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அதைக் கழற்றும் கூலி சில சமயம் ஃபிரேம் விலையைத் தாண்டும். பிபி மரை போட்ட வகையாக இருக்கட்டும். அழுத்திப் பொருத்தும் வகையில் சேறு புகுந்தால் சத்தம் போடும், மாற்றவும் தனிக் கருவி வேண்டும். மரை வகையில் வலது பக்கக் கப் பொதுவாக எதிர்ப்பக்கமாகக் கழலும். தெரியாமல் பலம் கொடுத்து மரையைக் கெடுத்த ஃபிரேம்கள் விற்பனைக்கு வருவதுண்டு, கப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிபிக்கு அடியில் தண்ணீர் வடியும் துளை இருந்தால் அது அடைபடாமல் இருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். சீட் போஸ்டுக்கு கிரீஸ், கார்பன் போஸ்ட் என்றால் அதற்கான பேஸ்ட். மழைக்கு முன் ஒருமுறையும் ஜனவரி முடிந்ததும் ஒருமுறையும் போஸ்டைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே தேங்கியதைக் கொட்டிவிட்டு, திரும்ப கிரீஸ் தடவி மாட்டுங்கள்.