தெள்ளு: உண்ணியும் அன்று, பேனும் அன்று

பூனை வளர்க்கும் வீட்டில் கணுக்காலைச் சுற்றிச் சிறு சிவந்த தடிப்புகள் தோன்றி அரிக்கத் தொடங்கினால், வீட்டார் பெரும்பாலும் ‘உண்ணி கடித்துவிட்டது’ என்பார்கள். சிலர் ‘பூனைப்பேன்’ என்பார்கள். வேறு சிலர் ‘ஃப்ளீ’ என்று ஆங்கிலத்தில் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். கடித்தது கைக்கு அகப்படாமல் துள்ளி மறைகிற, பழுப்பு நிறமுள்ள, ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ள பூச்சியாக இருந்தால், அதற்குத் தமிழில் தனிப்பெயர் இருக்கிறது. அதன் பெயர் தெள்ளு.

பொருள் விளங்குவதற்காகத் ‘தெள்ளுப்பூச்சி’ என்று நீட்டிச் சொல்வதும் உண்டு. ‘தெள்ளு’ என்பது கொழித்தல், புடைத்துத் தூய்மை செய்தல் என்னும் பொருளில் வினையாகவும் வழங்குவதால், பூச்சி என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்வது மயக்கத்தைத் தவிர்க்கும். முறத்தில் தெள்ளும்போது தானியம் துள்ளுவதுபோல இப்பூச்சியும் துள்ளுகிறது, ஆகவே இப்பெயர் வந்தது என்று விளக்கத் தோன்றும். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒலியொப்புமை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பிறப்பை முடிவு செய்வது சொல்லாராய்ச்சி ஆகாது. உறுதியாகச் சொல்லக்கூடியது இச்சொல்லின் உறவுமுறை. மலையாளத்தில் இதே பூச்சிக்குச் ‘செள்ளு’ என்று பெயர். எகரத்துக்கு முன் தகரமும் சகரமும் மாறி நிற்பது திராவிட மொழிகளில் புதிதன்று. நம் ‘தேள்’ கன்னடத்தில் ‘சேளு’ ஆவதைப் பார்த்தால் இது விளங்கும். ஆகவே தெள்ளு என்பது ஆங்கிலச் சொல்லுக்காக அண்மையில் ஆக்கிய கலைச்சொல் அன்று. அண்டை மொழியோடு பகிர்ந்துகொண்ட வீட்டுச் சொல்.

உண்ணி என்ற சொல்லின் அமைப்பு இன்னும் தெளிவானது. ‘உண்’ என்ற வினையோடு ‘இ’ விகுதி சேர்ந்து, உண்பது என்ற பொருளைத் தருகிறது. பூச்சிக்கொல்லி, நாடோடி ஆகியவற்றில் வருவதும் இதே விகுதிதான். ஆனால் வழக்கில் அது உண்கிற எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக நிற்காமல், மாட்டின் மடியிலும் நாயின் காதோரத்திலும் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் குருதி உறிஞ்சி மொச்சைக்கொட்டைபோல உப்புகிற எட்டுக்கால் உயிரியைக் குறிக்கும் சிறப்புப்பெயராகிவிட்டது. மேயும் மாட்டோடு திரிகிற வெண்கொக்குக்கு உண்ணிக்கொக்கு என்ற பெயர் அமைந்ததும் இந்தப் பொருளில்தான். உண்ணி பூச்சியினமே அன்று. சிலந்தி, தேள் ஆகியவற்றின் சுற்றம். தெள்ளுக்கோ ஆறு கால்கள். அறிவியல் வழக்கில் பிற உயிரைச் சார்ந்து அதன் உடலை உண்டு வாழ்வதை ‘ஒட்டுண்ணி’ என்கிறோம். அந்த விரிந்த பொருளில் தெள்ளும் ஓர் ஒட்டுண்ணியே. ஆனால் உண்ணி அன்று. குழப்பத்துக்கு இந்தச் சொல்லொற்றுமையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பேனோடு உள்ள வேறுபாட்டை விரிக்க வேண்டியதில்லை: பேன் ஊரும், தெள்ளு குதிக்கும். பேனின் உடல் மேலிருந்து கீழாக அமுங்கியது. தெள்ளின் உடல் இரு பக்கங்களிலிருந்தும் அமுங்கி, மயிர்களுக்கிடையே நழுவிச் செல்வதற்கு ஏற்றது. விரல்களுக்கிடையே வைத்து நசுக்கினாலும் அது எளிதில் சாவதில்லை. தெள்ளுகள் அடங்கிய பூச்சி வரிசைக்கு அறிவியலில் வழங்கும் சைஃபனாப்டெரா என்ற பெயர் கிரேக்கத்தில் குழலையும் சிறகின்மையையும் குறிக்கும் சொற்களால் ஆனது. சிறகில்லாத குறையைப் பின்னங்கால்கள் உடலோடு சேரும் இடத்தில் உள்ள ரெசிலின் என்ற மீள்தன்மையுள்ள புரதம் ஈடுசெய்கிறது. வில்லை வளைத்து விடுவதுபோல அதில் ஆற்றலைத் தேக்கி விடுவிப்பதால்தான் அவ்வளவு உயரத் தாவ முடிகிறது.

பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பது புலவர் பிடிவாதம் அன்று. உண்ணியென்று நம்பினால் விலங்கின் உடம்பைத் தேடிப் பிடுங்கிப் போடுவதோடு வேலை முடிந்ததாக நினைப்போம். தெள்ளின் வாழ்க்கையில் பெரும்பகுதி தரையில் கழிகிறது. பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைகள்வரை இடக்கூடும். அவை விலங்கின் மேல் ஒட்டாமல் பாயிலும் மெத்தையிலும் தரை இடுக்கிலும் உதிர்கின்றன. அங்கே பொரிக்கும் புழுக்கள் வளர்ந்த தெள்ளுகளின் எச்சத்தைத் தின்று வளர்ந்து, தூசி படிந்த பட்டுக்கூட்டைக் கட்டிக்கொள்கின்றன. அக்கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் பட்டதும் வெளிவருவது தெள்ளின் வழக்கம். வெகுநாள் பூட்டிக்கிடந்த வீட்டில் நுழைந்தவுடன் ஒரேயடியாகக் கடிபடுவதற்குக் காரணம் இதுவே.

எனவே விலங்குக்கு மருந்திடும் நாளிலேயே அதன் படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துவதும், நாற்காலியின் மடிப்புகளையும் தரைவிரிப்பையும் சுவரோர இடுக்குகளையும் தூசியுறிஞ்சியால் துப்புரவு செய்து, சேர்ந்த தூசியை உடனே வெளியேற்றுவதும் இன்றியமையாதவை. கூட்டுக்குள் இருப்பவை பூச்சிமருந்துக்குப் பெரும்பாலும் தப்பிவிடுவதால், சில வாரங்கள் இதைத் தொடர வேண்டும். ஐயமிருந்தால் விலங்கைப் பேன்சீப்பால் வாரி, விழும் கருந்துகள்களை நனைத்த வெள்ளைத் துணியில் வைத்துப் பார்க்கலாம். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைக்கு ஒருபோதும் இடக்கூடாது, அது பூனைக்கு நஞ்சு.

வீட்டில் நாம் காணும் தெள்ளு, நாயில் இருந்தாலும் பூனையில் இருந்தாலும், பெரும்பாலும் பூனைத்தெள்ளு என்ற ஒரே இனம். வரலாற்றில் இடம்பெற்றது எலித்தெள்ளு. 1896-இல் பம்பாயில் பிளேக் என்ற கொள்ளைநோய் பரவியபோது அது எலியிலிருந்து மனிதருக்கு எவ்வாறு தாவுகிறது என்பது தெரிந்திருக்கவில்லை. 1898-இல் கராச்சியில் சோதனை நடத்திய பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன், இடையில் இருப்பது தெள்ளு என்று காட்டினார். அதை உலகம் ஏற்கச் சில ஆண்டுகள் ஆயின. எலி செத்து உடல் குளிர்ந்ததும் அதன் தெள்ளுகள் வேறு உடம்பைத் தேடிப் புறப்படுகின்றன. செத்த எலியை வெறுங்கையால் தொடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

காய்ச்சலின் பெயர்களிலும் இந்த மயக்கம் புகுந்துவிட்டது. ஸ்க்ரப் டைஃபஸ் என்ற நோயைத் தமிழ்நாட்டில் உண்ணிக்காய்ச்சல் என்கிறோம். கேரளத்தில் அதையே செள்ளுப்பனி என்கிறார்கள். உண்மையில் அதைப் பரப்புவது உண்ணியும் அன்று, தெள்ளும் அன்று. புதர்களிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய, ஆங்கிலத்தில் ‘மைட்’ எனப்படும் ஒரு சிற்றுண்ணியின் இளம்பருவம். சிற்றுண்ணிக் காய்ச்சல் என்றால் நீளமாக இருந்தாலும் பொருந்தும். தெள்ளுக்காய்ச்சல் என்ற பெயரையோ எலித்தெள்ளு பரப்பும் வேறொரு டைஃபஸுக்கு ஒதுக்கி வைப்பது நல்லது.

இச்சொல்லைக் கையாளும்போது பூனைத்தெள்ளு, நாய்த்தெள்ளு, எலித்தெள்ளு, தெள்ளுக்கடி என்று வல்லினம் மிகுத்து எழுத வேண்டும். பயிரில் துள்ளும் தத்துப்பூச்சி முற்றிலும் வேறு. அது சாறு உறிஞ்சுமே தவிரக் குருதி உறிஞ்சாது. பழம்பொருள் விற்கும் ‘ஃப்ளீ மார்க்கெட்’டைத் தெள்ளுச்சந்தை என்று மொழிபெயர்ப்பதும் வேண்டாத வேலை. அது பழந்துணிகளில் தெள்ளு இருக்கும் என்ற நினைப்பில் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் என்பார்கள். 1985-இல் எரிந்துபோன சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கியவர்களுக்குப் ‘பழம்பொருள் சந்தை’ என்றாலே போதும்.