மனைப்பிரிவு வழக்கில் கோர்ட் எதைப் பார்க்கும்?

"வாய்க்காலைத் தூர்த்து மனை போடுறாங்க சார், ஒரு ஸ்டே வாங்கிக் கொடுங்க" என்று வருகிறவர்களிடம் அனுமதி ஆணையின் நகலைக் கேட்பேன். பெரும்பாலும் இருக்காது. புரோக்கர் கொடுத்த கலர் நோட்டீஸ்தான் இருக்கும். நோட்டீஸை எதிர்த்து ரிட் (அரசு அலுவலகத்தின் ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) போட முடியாது.

அந்த நிலத்தில் மனை வரலாமா கூடாதா என்பதை உயர் நீதிமன்றம் ஊராட்சியின் நாற்காலியில் உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை. முடிவெடுத்த விதத்தைத்தான் பார்க்கும். அதிகாரம் உள்ளவர் கொடுத்தாரா, எதிர்ப்பு மனுவைப் படித்தாரா, காரணம் எழுதினாரா? ஆணையில் இல்லாத காரணத்தைப் பிற்பாடு பிரமாணப் பத்திரத்தில் ஒட்டவைக்க முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது மனை போடுகிறவருக்கும் உதவும். 'பொதுமக்கள் எதிர்ப்பு' என்று ஒற்றை வரியில் நிராகரித்த தீர்மானம் கோர்ட்டில் நிற்பது கஷ்டம்.

திட்டப் பகுதிக்கு (நகர் ஊரமைப்புத் திட்டத்துக்காக அரசு அறிவித்த பகுதி) வெளியே உள்ள விளைநிலத்தை மனையாக்க, 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவுப்படி உள்ளாட்சி எழுத்துப்பூர்வ அனுமதி தர வேண்டும். அதற்கு முன்பே நகர் ஊரமைப்பு இயக்குநரின் இசைவு வேண்டும். தலைவர் கையெழுத்தும் சீலும் மட்டும் உள்ள 'பஞ்சாயத்து அப்ரூவல்' போதாது. டெல்டாவில் இதோடு தண்ணீரும் சேர்கிறது. பாசன வாய்க்கால் அடைபட்டால் கடைமடை காயும். வடிகால் அடைபட்டால் ஐப்பசி மழையில் சம்பா மூழ்கும். நீதிபதி வயலுக்கு வந்து பார்க்கப்போவதில்லை. அ-பதிவேட்டிலும் (கிராம நிலப் பதிவேடு) புலப்படத்திலும் (சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடம்) வாய்க்கால் எந்த சர்வே எண்ணில் ஓடுகிறது என்று நாம்தான் காட்ட வேண்டும்.

2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமே மனைகளைத் தடுத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தடுப்பது எண்ணெய்-எரிவாயு எடுப்பு, உருக்காலை போன்றவற்றைத்தான். வீட்டுமனை அந்தப் பட்டியலில் இல்லை.

தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக்காரர்கள் சென்னைக்கு. ஒரே காவிரித் தண்ணீர், ஆனால் மேல்மடைக்கு ஒரு கோர்ட், கடைமடைக்கு ஒரு கோர்ட்!

'மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்கவும்' என்று உத்தரவு வந்ததுமே சில ஊர்களில் வெடி வெடிக்கிறார்கள். அது வெற்றி இல்லை. பரிசீலித்துவிட்டு மறுபடியும் அனுமதியே கொடுக்கலாம். ஆணை ரத்தானால்கூட, பல வழக்குகளில் கோப்பு திரும்பப் போவது அதே அலுவலகத்துக்குத்தான். அப்போது உங்கள் ஆட்சேபணை அந்தக் கோப்பில் இருக்க வேண்டும்.

அதனால் கல் ஊன்றும்போதே சர்வே எண்ணோடு ஆட்சேபணை எழுதி, உள்ளாட்சிக்கும் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் டெலிவரி ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அனுமதி ஆணையையும் கோப்புக் குறிப்புகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான். ரிட்டுக்குக் காலக்கெடு இல்லை என்று யாராவது சொன்னால், சரி, அது உண்மைதான். ஆனால் ரோடு போட்டு, மனை விற்று, நாலு வீடும் எழும்பிய பிறகு போனால், வாங்கியவர்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டிவரும். இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.