கசக்கற சுரைக்காயை ஏங்க மூக்கைப் புடிச்சுட்டு குடிக்கிறீங்க?

போன வாரம் திரும்பவும் ஒண்ணு. இந்த வெயில் காலத்துல மட்டும் இது மூணாவது, அதனாலதான் ராத்திரி சாப்பாட்டைக் கூட முடிக்காம உக்காந்து டைப் பண்றேன்.

சென்னை தண்டையார்பேட்டைல என் கிளினிக். காலைல ஏழரை மணி, ஷட்டரையே முழுசா தூக்கல, ஆட்டோல ஒரு அம்மாவைத் தூக்கிட்டு வர்றாங்க. 58 வயசு, ரொம்ப வருஷமா சுகர், பிரஷர் மாத்திரையும் உண்டு. வாந்தி, வயித்தால போறது, வயித்தைப் புடிச்சுட்டு சுருண்டு கிடக்குறாங்க, கடைசியா எடுத்த வாந்தில ரத்தம் கலந்திருக்கு. பிரஷர் பாத்தா 80க்கு 50. என்ன சாப்பிட்டாங்கன்னு வீட்டுக்காரர் கிட்ட கேக்குறேன். "ராத்திரி ரெண்டு இட்லி டாக்டரு, வெளி சாப்பாடு எதுவுமே இல்ல." திரும்பக் கேக்குறேன், அதே இட்லி. மூணாவது தடவை கொஞ்சம் கோவமாவே கேட்டப்புறம்தான் பின்னாடி நின்ன பொண்ணு சொல்லுது, "அப்பா, அம்மா காலைல ஜூஸ் குடிச்சாங்கல்ல?"

சுரைக்காய் ஜூஸ். மாடில காச்சது. ஒரு டம்ளர் நிறைய.

கசந்துச்சாம்மான்னு கேட்டேன். அந்த நிலமைலயும் தலையை ஆட்டுறாங்க. "ரொம்ப கசப்பு. கசந்தா சுகருக்கு நல்லதாச்சேன்னு மூக்கைப் புடிச்சுட்டு குடிச்சுட்டேன் டாக்டரு." வீட்டுக்காரரும் ஒரு வாய் வச்சிருக்கார், வாய்ல வச்ச உடனே துப்பிட்டார், அதனால அவர் நின்னு பேசிட்டு இருக்கார். லைன் போட்டு சலைன் ஏத்திட்டே 108ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நாலு நாள் அட்மிஷன். எண்டோஸ்கோப்பில இரைப்பை பூரா புண்ணு.

சின்ன டாக்டர் பசங்க யாராவது இதைப் படிச்சா ஒண்ணு சொல்லிக்கிறேன். 'என்ன சாப்பிட்டீங்க'ன்னு கேட்டா ஜனங்க கெட்டதா நினைக்கிற ஐட்டத்தை மட்டும்தான் சொல்வாங்க, பரோட்டா, பானிபூரி, பிரியாணி. ஜூஸ், கஷாயம், ஊறவச்ச தண்ணி எல்லாம் அவங்க கணக்குல மருந்து. தனியா பேர் சொல்லி கேக்கணும்.

சரி, விஷயத்துக்கு வரேன். அந்தக் கசப்புக்கு குக்குர்பிட்டாசின்னு பேரு. சுரை, பீர்க்கு, புடலை, வெள்ளரி எல்லாம் ஒரே குடும்பம், பூச்சியும் மாடும் கடிக்காம இருக்க செடி தானே உண்டு பண்ற சரக்கு இது. நாம வீட்டுல வளக்குற ரகத்துல தலைமுறை தலைமுறையா கசக்காத காயா பொறுக்கி பொறுக்கி விதைச்சு அதை அடக்கி வச்சிருக்கோம், அவ்வளவுதான், சுத்தமா போயிடல.

இப்ப எனக்கு ரத்தக் கொதிப்பு ஏத்துற டயலாக். "நம்ம மாடில, ஒரு சொட்டு மருந்து அடிக்காம, மாட்டுச் சாணியும் மண்புழு உரமும் போட்டு வளத்தது சார், அது எப்படி சார் விஷமாகும்?" மூணு கேஸ்லயும் இதே டயலாக். யாரும் மருந்து அடிச்சதா நான் சொல்லவே இல்லைங்க. விஷம் வெளில இருந்து வரல, காய்க்குள்ளயே இருக்கு. ஆர்கானிக்கா வளத்தா ஆர்கானிக் விஷம். அரளிக்கு யாரு பூச்சி மருந்து அடிக்கிறாங்க? அரளி விதையை அரைச்சுக் குடிப்பீங்களா?

அடுத்தது, 'கசப்பு உடம்புக்கு நல்லது'. எந்தக் கசப்பு? பாகற்காய் கசக்கணும், அது அதோட குணம், அந்தக் கசப்பு வேற சரக்கு. சுண்டைக்காய் கசக்கலாம், வேப்பம்பூ கசக்கலாம். சுரைக்காய் கசக்கவே கூடாது. கசந்தா அது சுரைக்காய் இல்ல, பேய்ச்சுரை. இந்தப் பேரை நான் கண்டுபிடிக்கல, நம்ம ஆளுங்க எப்பவோ வச்சிட்டாங்க, பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல்னு. எங்க ஆயா பீர்க்கங்காயோ சுரைக்காயோ அரியறதுக்கு முன்னாடி நுனில ஒரு துண்டு கிள்ளி நாக்குல வச்சுப் பாத்துட்டுதான் மீதியை அரிவாள்மணைல வைப்பாங்க. பள்ளிக்கூடமே போகாத ஆயாவுக்குத் தெரிஞ்சது, தினமும் காலைல மூணு ஹெல்த் வீடியோ பாக்குற நமக்குத் தெரியல.

இது ஏதோ நம்ம ஏரியா கதைன்னு நினைக்காதீங்க. 2010ல டெல்லில ஒரு விஞ்ஞானி சுரைக்காயும் பாகற்காயும் கலந்து அடிச்ச ஜூஸைக் குடிச்சு இறந்தே போனார், கூடக் குடிச்ச அவர் மனைவி ஆஸ்பத்திரில இருந்து பிழைச்சாங்க. பாகற்காய் சேத்தா எந்தக் கசப்பு எதுலேர்ந்து வருதுன்னு நாக்குக்கு எப்படித் தெரியும்? அதுக்கப்புறம் ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், ஒரு நிபுணர் குழு போட்டு, கசக்கற சுரைக்காய் ஜூஸைக் குடிக்காதீங்க, வேற எந்த ஜூஸோடயும் கலக்காதீங்கன்னு தெளிவா சொல்லிடுச்சு. 50லேர்ந்து 300 மில்லி உள்ள போனவங்களே படாத பாடு பட்டிருக்காங்க. 2018ல புனேல ஒரு பொம்பள இறந்தாங்க. 'நான் ஜூஸ் போடல, சமைச்சுதான் சாப்பிடுவேன்'னு சொல்றவங்களுக்கு, 2015ல ஜெர்மனில ஒரு 79 வயசு பெரியவர் பக்கத்து வீட்டுத் தோட்டத்துல விளைஞ்ச சுக்கினியை (அதுவும் சுரைக் குடும்பத்துக் காய்தான்) சமைச்சு சாப்பிட்டுதான் இறந்தார். வேகவச்சா இது போகாதுங்க. உப்பு தடவி வச்சாலும் போகாது, புளியும் வெல்லமும் போட்டு கசப்பு தெரியாம பண்ணலாம், கசப்பு தெரியாது, விஷம் அப்படியே இருக்கும்.

ஆனாலும் ஜூஸ்தான் எனக்கு பெரிய பயம். கூட்டுல கசந்தா முதல் வாய்லயே தட்டைத் தள்ளிடுவீங்க. ஜூஸ்னா புதினா, இஞ்சி, எலுமிச்சைன்னு போட்டு ருசியை மறைச்சு, வெறும் வயித்துல ஒரே மூச்சுல இறக்கிடறீங்க, அதுல அரைக் காயோட சத்து, ச்சீ, விஷம் இருக்கு.

மாடித்தோட்டத்துல ஏன் ஜாஸ்தி பாக்குறேன்னு எனக்கு ஒரு கணக்கு இருக்கு. நானும் மாடில பத்து பை வச்சிருக்கேன், அதனால தோட்டத்துக்கு எதிரின்னு நினைக்க வேணாம். நம்ம ஏரியா மொட்டை மாடி கத்திரி வெயில்ல தோசைக்கல்லு மாதிரி காயும். போர் தண்ணி பாதி வீட்டுல உப்பு, மெட்ரோ தண்ணி வந்தா குடிக்கப் புடிப்பமா செடிக்கு ஊத்துவமா? பை காஞ்சு, நனைஞ்சு, திரும்பக் காஞ்சு, செடி திண்டாடும்போது கசப்பு ஏறும். அதைவிட முக்கியம் விதை. கடை விதை வாங்காம போன வருஷத்துக் காய்லேர்ந்து எடுத்து சாம்பல்ல புரட்டி வச்சு போடுறோம், நல்ல பழக்கம்தான். ஆனா சுரைப்பூ சாயந்திரம் விரியும், ராத்திரி எந்த அந்துப்பூச்சி எந்தப் பேய்ச்சுரைலேர்ந்து மகரந்தத்தைக் கொண்டு வந்துச்சோ யாருக்குத் தெரியும்? அந்த வருஷக் காய் இனிப்பாவே இருக்கும், அதுக்குள்ள இருக்குற விதைலதான் வினை, அடுத்த வருஷம் தெரியும்.

அதனால தயவு பண்ணி கேளுங்க. பாகற்காய் தவிர இந்தக் குடும்பத்துல எந்தக் காயா இருந்தாலும், கடைல வாங்கினதா இருந்தாலும், அரியறதுக்கு முன்னாடி ஒரு சின்னத் துண்டு நாக்கு நுனில வச்சுப் பாருங்க, கசந்தா துப்பி வாயைக் கொப்புளிச்சுட்டு காயை குப்பைல போடுங்க. மாட்டுக்குப் போடாதீங்க, அது பாவம். கொடியை வேரோட புடுங்குங்க, அதுலேர்ந்து விதை எடுக்காதீங்க. தெரியாம குடிச்சுட்டு வயிறு புரட்டினா மோர், சீரகத்தண்ணி, சோடான்னு உக்காந்துட்டு இருக்காம அரை மணி நேரத்துல ஆஸ்பத்திரில இருங்க, போன உடனே 'கசந்த சுரைக்காய்'னு அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்லிடுங்க. இதுக்கு முறிவு மருந்து கிடையாது, சலைன் ஏத்தி பிரஷரைத் தாங்கிப் புடிக்கிறதுதான் வைத்தியம், அதனால நேரம்தான் எல்லாம்.

நல்ல காயா இருந்தா தாராளமா சாப்பிடுங்க. பாசிப்பருப்பு போட்டு கூட்டு, துருவி மாவுல கலந்து அடை. தோலைத் தூக்கிப் போடாதீங்க, உளுத்தம்பருப்பு, காஞ்ச மிளகாயோட நல்லெண்ணெய்ல வதக்கி துளி புளி, தேங்காய் வச்சு அரைச்சா துவையல், சுடு சோத்துக்கு அதுக்கு மேல என்ன வேணும்? ஜூஸ் மட்டும் விட்டுடுங்க. அதைக் குடிச்சு தொப்பை குறைஞ்ச ஒருத்தரைக் கூட நான் இன்னும் பாக்கல.

அந்த அம்மா டிஸ்சார்ஜ் ஆகி நேத்து ரிவ்யூவுக்கு வந்தாங்க. நல்லா இருக்காங்க. கொடியைப் புடுங்கிட்டீங்களான்னு வீட்டுக்காரரைக் கேட்டேன், அன்னைக்கே புடுங்கிட்டேன்னார். விதை? கொஞ்சம் தலையைச் சொறிஞ்சார். தன் வீட்டுல போட்ட அதே டப்பாலேர்ந்து தெருவுல நாலு வீட்டுக்கு குடுத்திருக்காராம். என் ரூம்லயே உக்கார வச்சு ஒவ்வொருத்தருக்கா போன் போட வச்சேன். மூணு பேர் சரின்னுட்டாங்க. நாலாவது வீட்டு அக்கா மட்டும் ஸ்பீக்கர்ல, "இப்பதான் டாக்டரு பிஞ்சு விட்டுருக்கு, ஆசையா வளத்தேன், ஒரே ஒரு காய் பாத்துட்டு சொல்றேனே?"

நாளைக்கு சாயந்திரம் கிளினிக் முடிஞ்சு அந்த மாடிக்கு நானே போறேன்.