தீபம் ஏற்றும் நேரத்தில் நேரலை ஏன் திணறுகிறது?

திருவண்ணாமலையில் மாலை 6 மணிக்கு மகாதீபம் ஏற்றப்படும்போது, வேலூர், குடியாத்தம், ஆம்பூர் எனப் பழைய வடஆற்காடு முழுவதும் ஏராளமான வீடுகளில் ஒரே காட்சி ஒரே நேரத்தில் திறக்கப்படுகிறது. உள்ளூர் கேபிள் சேனல் தன் சொந்த சர்வர் வழியே தரும் நேரலை அப்போது திணறினால், உடனே கூடுதல் பேண்ட்வித் வாங்கப் பேச்சு எழுகிறது. இத்துறையில் இருக்கும் நான் முதலில் பார்ப்பது கேஷ் அமைப்பைத்தான், அதாவது ஒருமுறை வந்த தரவின் பிரதியைப் பார்வையாளருக்கு அருகிலேயே வைத்திருந்து திரும்பத் தரும் ஏற்பாட்டை.

சேனலின் சர்வர் சென்னையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னைக்கும் வேலூருக்கும் இடையே சுமார் 140 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் இது சில மில்லிசெகண்டுகளுக்குள் போய் வரும் தூரம். நெருக்கடி கொள்ளளவில்தான். 1,000 வீடுகள் நொடிக்கு 5 மெகாபிட் வீதம் பார்த்தால் 5 ஜிகாபிட் வேண்டும். வேலூரிலேயே ஒரு கேஷ் சர்வர் இருந்தால், சென்னையிலிருந்து ஒரே ஒரு பிரதி வந்தால் போதும். (யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை மறையாக்கம் செய்யப்பட்டு வருவதால் நம் கேஷில் தங்காது, போதிய பயன்பாடு உள்ள இணையச் சேவையாளர்களுக்கு அந்நிறுவனங்களே தம் சர்வர்களைத் தருகின்றன.)

எச்.எல்.எஸ் என்ற இணைய ஒளிபரப்பு முறையில் வீடியோ சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒரு துண்டுக்கு 6 நொடி என்பது ஆப்பிளின் பரிந்துரை. உருவான துண்டு பிறகு மாறுவதில்லை என்பதால் அதை மணிக்கணக்கில் கேஷில் வைக்கலாம். ஆனால் நேரலையின் பிளேலிஸ்ட் (எந்தத் துண்டுகளை எடுக்க வேண்டும் எனப் பிளேயருக்குச் சொல்லும் பட்டியல்) ஒவ்வொரு புதுத் துண்டுக்கும் மாறுவதால், அதற்கு ஓரிரு நொடி ஆயுளே தர வேண்டும். இரண்டுக்கும் ஒரே விதியை எழுதிவிட்டால், பிளேயர் பழைய பட்டியலையே திரும்பத் திரும்பப் படித்து நின்றுவிடும். பேண்ட்வித்தை எவ்வளவு கூட்டினாலும் இது தீராது.

அடுத்தது, புதுத் துண்டு கேஷில் நிரம்புவதற்கு முந்தைய அந்த ஒரு கணம். நூற்றுக்கணக்கான கோரிக்கைகள் ஒன்றாக வந்தால், ஒன்றை மட்டும் மூல சர்வருக்கு அனுப்பி மற்றவற்றைக் காத்திருக்க வைக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் இதைச் செய்வது 'புராக்ஸி கேஷ் லாக்' என்ற அமைப்பு. இயல்பாக அது அணைந்தே இருக்கும் என்பது பலர் கவனிக்காத விஷயம். பார்வையாளருக்கொரு டோக்கன் (அனுமதிக் குறியீடு) துண்டின் இணைய முகவரியில் ஒட்டியிருந்தால், அதைச் சரிபார்த்தபின் கேஷ் சாவியிலிருந்து (கேஷ் தன் பிரதியை அடையாளம் காணும் பெயரிலிருந்து) நீக்க வேண்டும். இல்லாவிடில் ஒரே துண்டு ஆளுக்கொரு பிரதியாகச் சேர்ந்து வட்டை நிரப்பும்.

இன்னொன்று, கேட்ட கோப்பு இல்லை எனச் சர்வர் தரும் 404 என்ற பதில். துண்டு தயாராவதற்கு ஒரு கணம் முன்பே பிளேயர் கேட்டு, 'இல்லை' என்ற பதிலும் கேஷில் பதிந்துவிட்டால், துண்டு வந்த பிறகும் ஊருக்கே அந்தப் பதில்தான் போகும். அதற்கு ஒரு நொடிக்கு மேல் ஆயுள் தரக்கூடாது.